அடைக்கலம் சப்ஸ்டேஷன்

போன மாதம் ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் வேலை பார்த்த செக்‌ஷன் ஆபீசிலிருந்து போன் வந்தது. புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர் பேசினார். சின்ன வயசுப் பெண். பழைய எல்.சி. ரிஜிஸ்டர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி உத்தரவாம்.

“அய்யா, ‘அடைக்கலம்’னு ஒரு சப்ஸ்டேஷன் எங்கிட்டு இருக்கு? லிஸ்ட்ல தேடித் தேடிப் பாத்துட்டேன், இல்ல. அங்க வாங்குன எல்.சி. ஒன்னு மூணு வருசம் நாலு மாசம் திரும்பாம இருந்திருக்கு. வாங்குனவர்னு உங்க பேர் போட்டிருக்கு.”

வாயில் நுரையோடு தொட்டி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓய்வு பெற்று வந்தபிறகும் ரிஜிஸ்டர் என்னை விடவில்லையே, பென்ஷனில் கை வைப்பார்களோ, விசாரணைக்குக் கூப்பிட்டால் எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது என்றுகூட யோசித்துவிட்டேன். போனில் சொல்லட்டுமா என்றால், நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று கேட்பார். அப்படி ஒருமுறை ஆகித்தான் இந்தச் சங்கதி முழுக்க வந்தது. அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவதாகச் சொன்னார். படிக்கட்டும். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

பத்தொன்பது வயதில் கம்பி இழுக்கிற கூலியாளாகச் சேர்ந்து, குழி தோண்டி, ஹெல்ப்பராகி, வயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கம்பத்தில் ஏறுமுன் டெஸ்டர் வைத்துப் பார்ப்பேன். பிறகு அந்த டெஸ்டர் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு டெஸ்டரை வைத்துப் பார்ப்பேன். ‘ரெட்டை டெஸ்டர்’ மாணிக்கம் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தவர்களில் இரண்டு பேருக்கு இன்றைக்கு விரல் குறைவு. எனக்குப் பத்தும் இருக்கிறது.

வெளியாள் யாராவது படித்தால் புரிய வேண்டுமே, எல்.சி. என்றால் லைன் கிளியர். லைனில் வேலை செய்யப் போகிறவர் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, இன்ன பீடரை, அதாவது அங்கிருந்து கிளம்புகிற இன்ன லைனை, நிறுத்துங்கள் என்று கேட்க வேண்டும். அங்கே இருப்பவர் நிறுத்தி, பூட்டி, ஒரு நம்பர் தருவார். அந்த நம்பர் வாங்கியவர் பெயரில் நிற்கும். சுவிட்சைத் திறந்து, டெஸ்டர் வைத்து, மிச்சக் கரண்டைத் தரைக்கு இறக்குகிற எர்த் ராடு மாட்டி, அப்புறம்தான் கம்பத்தில் கால் வைக்கலாம். வேலை முடிந்து ஆட்களெல்லாம் இறங்கி, தலையை எண்ணி, எர்த் ராடை எடுத்து, வாங்கினவரே மறுபடி போன் போட்டு எல்.சி.யைத் திருப்ப வேண்டும். அவர் திருப்பாதவரை யார் வந்து சொன்னாலும் அந்த லைனில் கரண்டு விடக்கூடாது. எங்கள் தொழிலில் எல்லாமே மறந்துபோகும். திரும்பாத எல்.சி. மட்டும் மறக்காது.

இதில் அப்போது எங்கள் ஏ.இ.யாக, அதாவது உதவிப் பொறியாளராக, இருந்த சபாபதி சார் ஒரு மாதிரி. குரலை உயர்த்த மாட்டார். திட்டவே தெரியாது. என்ன சொன்னாலும் கடைசியில் மெதுவாக, “திருப்பிச் சொல்லு” என்பார். இன்ன பீடர், இன்ன கம்பம், இன்ன ஆள் என்று நாம் ஒப்பிக்க வேண்டும். ஒருமுறை மேலப்பட்டி பீடருக்கு எல்.சி. கேட்டேன். சப்ஸ்டேஷனில் இருந்தவர் காதில் கீழப்பட்டி என்று விழுந்துவிட்டது. திருப்பிச் சொல்லச் சொன்னதால் தப்பினேன். அன்றிலிருந்து சார் டீ வாங்கி வரச் சொன்னாலும் முகம் கோணாமல் ஒப்பித்தேன். “டீ நாலு, சர்க்கரை இல்லாதது ஒன்னு, வடை வேணாம் சார்.” “சரி, போ.”

புயல் வந்தபோது நான் கீழமஞ்சக்காட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பு. கந்தர்வக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே, செம்மண்ணும் முந்திரிக்காடுமாக இருக்கிற ஊர். விடிந்து பார்த்தால் முந்திரி மரமெல்லாம் வேரோடு மல்லாந்து கிடக்கிறது. கம்பம் எது, கிளை எது என்று தெரியவில்லை. விழுந்த கம்பங்களை எண்ணச் சொல்லியிருந்தார்கள். மூன்று தடவை எண்ணினேன். அறுபத்தொன்று, அறுபத்துமூன்று, அறுபத்திரண்டு என்று வந்தது. நடு எண்ணான அறுபத்திரண்டை எடுத்துக்கொண்டேன்.

ஊர் முழுக்கச் செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் பாதி ஏறினால் மட்டும் சிக்னல் கிடைத்தது. சபாபதி சார் வேறு ஊரில் மாட்டிக்கொண்டார். அதனால் நானே பெரிய ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு கிளார்க் எடுத்தார். அவர் ஆட்கள் விவகாரம் பார்க்கிற பிரிவு என்பது எனக்குத் தெரியாது. கொரகொரவென்று கேட்டது.

“உங்க செக்‌ஷன்ல எத்தனை போஸ்ட் காலி?”

“அறுபத்திரண்டு போஸ்ட் காலிங்க.”

“அறுபத்திரண்டா? எப்புடிங்க ஓட்டுனீங்க இத்தனை நாளா?”

“நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு. விடியிறதுக்குள்ள அம்புட்டும் சாஞ்சிருச்சு.”

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது. “மிச்சம் எத்தனை?”

“ஒன்பதுங்க. ரோட்டோரமா படுத்திருக்கு. அடி ஒன்னும் இல்ல. அடைக்கலம்னு ஒருத்தரு பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கிறாரு.”

“ஒன்னும் கவலப்படாதீங்க. ஒடனே அனுப்புறோம்” என்றார். குரல் தழுதழுத்த மாதிரி இருந்தது. கம்பத்துக்காக இவ்வளவு உருகுகிற ஆபீசரை நான் பார்த்ததில்லை. திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். லைன் கட்டாகிவிட்டது.

அந்த ஒன்பது கம்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடைக்கலம் அண்ணனுக்கு ஊர் எல்லையில் இரண்டு ஏக்கரும் ஒரு போர்வெல்லும் உண்டு. விவசாயக் கரண்டுக்கு மனு கொடுத்தபோது அவர் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். மகளுக்குக் கல்யாணம் முடிந்து, பேரன் தவழ்ந்தபோது கம்பம் வந்தது. புயலுக்குப் பத்து நாள் முந்தித்தான் லாரியில் கொண்டுவந்து அவர் காட்டுக்கு முன்னால் ரோட்டோரம் இறக்கினோம். நடவில்லை. படுத்திருந்த கம்பத்தைப் புயல் என்ன செய்யும்? ஊரில் நிமிர்ந்து நின்றதெல்லாம் விழுந்தது, படுத்திருந்தது பிழைத்தது. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பால் நம்பர் போட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெயில் படக்கூடாது என்று பழைய வேட்டிகளால் மூடியிருந்தார். சிமெண்டுக் கம்பத்துக்கு வெயில் என்ன செய்யும் என்று கேட்டதற்கு, “ஒங்களுக்கு அது கம்பம் தம்பி” என்றார்.

மறுநாள் மத்தியானம் இரண்டு பஸ்கள் வந்து நின்றன. தெற்கத்தி மாவட்டத்திலிருந்து லைன் ஆட்கள் இறங்கினார்கள். இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அறுபத்திரண்டு பேர். பஸ்ஸின் கூரையைப் பார்த்தேன், உள்ளே எட்டிப் பார்த்தேன், பின்னால் லாரி வருகிறதா என்று ரோட்டில் நின்று பார்த்தேன். ஒரு கம்பம் இல்லை. அவர்களின் மேஸ்திரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, கேட்ட ஆள் பூரா வந்தாச்சு. கம்பம் எங்க கெடக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போஸ்ட் என்றால் எனக்குக் கம்பம், போனில் பேசிய கிளார்க்குக்கு வேலை. காலி என்றால் எனக்குப் போச்சு, அவருக்கு ஆள் இல்லை. மேஸ்திரியிடம் அதைச் சொல்லுமுன்பே பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மருத்துவ வேன் வந்தது. நர்ஸம்மா பெட்டியோடு இறங்கி, “படுத்திருக்கிற ஒன்பது பேரு எங்கிட்டு இருக்காங்க?” என்று கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன். வரிசையாக வேட்டி போர்த்தி ஒன்பது. பக்கத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அடைக்கலம் அண்ணன். அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனார். ஒரு வேட்டியை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். மறுபடி மூடினார். வேனில் ஏறும்போது என்னிடம், “பிரஷர் பாத்துக்கங்க அய்யா, ஒங்களுக்கு” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் சபாபதி சார் வந்து சேர்ந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, சஸ்பெண்ட் ஆகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு நின்றேன்.

“திருப்பிச் சொல்லச் சொன்னியா?”

“லைன் கட்டாயிருச்சு சார்.”

“அப்ப நீ ஒன்னுமே சொல்லல. அவரும் ஒன்னுமே கேக்கல” என்றார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

வந்தவர்கள் நல்ல உழைப்பாளிகள். சும்மா உட்காரத் தெரியாது. கம்பம் வந்ததும் நட்டுவிடலாம் என்று மறுநாள் மத்தியானத்துக்குள் அறுபத்திரண்டு குழி தோண்டிவிட்டார்கள். ஊரில் ஆட்டுக்குட்டி காணோம் என்றால் முதலில் குழியைப் போய்ப் பார்க்கிற நிலைமை. கம்பத்துக்கு நான் ஒழுங்காகக் கேட்டபோது, மாவட்டம் பூராவும் கேட்கிறது, பத்து நாளாவது ஆகும் என்றார்கள். அதே நாளில் மேலிடத்திலிருந்து சாருக்கு ஒரு போன். இந்த மாதம் புது இணைப்பு எத்தனை கொடுத்தீர்கள், இலக்கு பாக்கி இருக்கிறதே என்று. ஏணியில் என்னையும் ஏற்றி வைத்துக்கொண்டு சார் நிதானமாகப் பேசினார்.

“சார், திருப்பிச் சொல்றேன். ஊர்ல ஒரு கம்பம் நிக்கல. புதுசா எத்தனை வீட்டுக்குக் கரண்டு குடுத்தோம்னு கேக்குறீங்க. சரியா வாங்கிக்கிட்டேனா சார்?”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நாங்கள் ஏறி நின்று பேசிய தொட்டி காய்ந்துபோனது. மோட்டார் ஓடக் கரண்டு இல்லை. ஊரில் ஒரே ஒரு அடிபம்பு, அதுவும் பாதி காற்றுதான் துப்பியது. போதாததற்கு அறுபத்திரண்டு பேர் குழி தோண்டிவிட்டு வந்து செம்பு செம்பாகக் குடிக்கிறார்கள். உதவிக்கு வந்தவர்களை எப்படிக் குடிக்காதே என்பது? தொட்டி மோட்டாருக்குப் போகிற லைனை மட்டும் சரிசெய்தால் ஊர் பிழைக்கும் என்று நடந்து பார்த்தேன். சாய்ந்ததை நிமிர்த்திவிடலாம். முறிந்தது எத்தனை என்று மூன்று தடவை எண்ணினேன். அன்றைக்கு மட்டும் மூன்று தடவையும் ஒரே எண் வந்தது. ஒன்பது.

அடைக்கலம் அண்ணனிடம் போகுமுன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் கம்பத்தின்மேல் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெண்கள் காலிக் குடத்தோடு சுற்றி நின்றார்கள். அவர் பெண்டாட்டி செல்லம்மாவும் குடத்தோடு அந்தக் கூட்டத்தில்தான் நின்றது.

“தண்ணி இல்லாம இந்தக் கம்பத்தையா கரைச்சுக் குடிக்கிறது? எந்திரிய்யா” என்றது செல்லம்மா.

“நீ சும்மா இரு. எந்திரிச்சா அம்புட்டுத்தான், மறுபடி பேரன் கல்யாணத்துக்குத்தான் வரும்” என்றார் அண்ணன்.

சார் அவருக்கு எதிரில் இரண்டாம் நம்பர் கம்பத்தில் உட்கார்ந்தார். புது வேலைக்கு வந்த சாமானைப் புயல் வேலைக்கு எடுக்கக்கூடாது என்பது உத்தரவு. அந்த ஒன்பதையும் வாங்க இரண்டு வருஷம் கடிதம் எழுதியவரும் சார்தான். புதுக் கம்பம் வந்ததும் முதல் வேலை உங்களுக்குத்தான் என்று சார் சொன்னார். அண்ணன் சிரித்துவிட்டார்.

“இருபத்திரண்டு வருசமா எல்லாரும் இதத்தாங்க சொன்னாங்க. ஒங்க வார்த்தை மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஒங்கள மாத்திட்டாங்கன்னா? இவரு ரிட்டேராயிட்டாருன்னா?” என்னைக் காட்டினார். பிறகு கேட்டார். “நீங்க கம்பத்துல ஏறுறதுக்கு முந்தி போன்ல ஒன்னு வாங்குவீங்கள்ல? நான் ஆடு மேய்க்கையில பாத்திருக்கேன். அத வாங்கினா திருப்பிக் குடுக்காம விடமாட்டீங்க. அது மாதிரி எங்கிட்ட வாங்குங்க.”

“எல்.சி.யா?”

“அதேதான். என் கம்பம் ஒன்பதுக்கு நான் தாரேன். நோட்டுல ஏத்துங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சார் என்னிடம் ரிஜிஸ்டரை எடுக்கச் சொன்னார்.

“சார், இது ரூல்ல…”

“எல்.சி. வாங்குறவன் பேர்லதான் இருக்கும். ஒன் பேர எழுது. தர்ற சப்ஸ்டேஷன்னு போட்ட எடத்துல அடைக்கலம்னு எழுது.”

பேனாவைத் திறந்தேன். நாள், நேரம், ஒன்பது கம்பம், காரணம் குடிதண்ணீர் என்று எழுதினேன். நம்பர் என்ன என்று கேட்டதற்கு அண்ணன் ‘ஒன்பது’ என்றார். சார் அவரைப் பார்த்து, “திருப்பிச் சொல்லுங்க” என்றார்.

“எல்.சி. நம்பர் ஒன்பது. அடைக்கலம் குடுத்தது. மாணிக்கம் வாங்குனது. ஒன்பது கம்பமும் என் காட்டுல நட்டு, கம்பி இழுத்து, கரண்டு வந்தபெறகுதான் இது திரும்பும்.” சொல்லிவிட்டு எழுந்து, வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார்.

ரோடெல்லாம் மரம் கிடந்ததால் கிரேன் வரமுடியாது. என் தப்பால் வந்த அறுபத்திரண்டு பேர்தான் கயிறு கட்டித் தோள் கொடுத்தார்கள். மஞ்சளும் குங்குமமுமாக ஒன்பது கம்பமும் முந்திரிக்காட்டுக்குள் தோள்மேல் ஊர்வலம் போனபோது, எதிரே வந்த ஒரு பெரியவர் சைக்கிளை விட்டு இறங்கித் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். குழி ஏற்கெனவே தயார். மறுநாள் பொழுது சாயுமுன் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சுண்ணாம்பு நம்பர்கள் இன்றைக்கும் அந்த லைனில் தெரியும். நாலும் ஏழும் மட்டும் இடம் மாறி நிற்கும்.

அதற்கப்புறம் ஊரெல்லாம் கரண்டு வந்தது. ஆட்கள் ஊருக்குப் போனார்கள். சாருக்கு மாறுதல் வந்தது. போகும்போது, “என்னை மறந்துரு மாணிக்கம். நம்பரை மறக்காத” என்றார். கம்பங்கள் வந்தன. அரிசி ஆலைக்கு வந்தன. கல்யாண மண்டபத்துக்கு வந்தன. மனை போட்டவர்களுக்கு வந்தன. அண்ணனுக்கு மட்டும் வரவில்லை, ஏனென்றால் காகிதப்படி அவருக்குக் கம்பம் கொடுத்தாகிவிட்டது. மாதம் முதல் தேதி காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும்.

“எல்.சி. நம்பர் ஒன்பது திரும்பிருச்சா?”

“இல்லண்ணே.”

“ஆளு யாரும் மேல இல்லையே?”

“இல்லண்ணே.”

“சரி, பத்திரம்.”

கோபப்படவே மாட்டார். முதல் தேதி நெருங்கினால் எனக்குச் சோறு இறங்காது. புதிதாக வந்த ஒவ்வொரு ஏ.இ.யிடமும் ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினேன். ஒவ்வொருவரும் அவசரமாக அதை மூடினார்கள்.

கடைசியில் எங்கிருந்தோ ஓர் ஆய்வு அதிகாரி வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டியவர் அந்தப் பக்கத்தில் நின்றார். மூன்று வருஷத்துக்கு மேலாக எல்.சி. திரும்பவில்லை என்றால், யாரோ மூன்று வருஷமாகக் கம்பத்தின்மேல் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? என்னைக் கூப்பிட்டார்.

“என்னய்யா இது? ஒரு பீடரையே நிறுத்தி வெச்சிருக்கியா?”

“நிறுத்தி வைக்கலங்க. அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லங்க.”

நான் விளக்க ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டார். “எனக்குக் கதை வேணாம். ஒரு வாரத்துல இந்த எல்.சி. திரும்பியாகணும். திருப்புறதுக்கு என்ன வேணும்?”

“ஒன்பது கம்பம் வேணுங்க.”

நாலாம் நாள் லாரி வந்தது. இருபத்தைந்து வருஷ மனுவும் சாரின் கடிதமும் செய்யாததை அந்த ஒரு வரி செய்தது.

லைன் இழுத்து முடித்த அன்று, ஒன்பதாவது கம்பத்தடியில் சுவிட்சுப் பக்கம் நான் நின்றேன். அண்ணன் மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டருக்கு முன்னால் நின்றார். நான் போன் போட்டேன்.

“அடைக்கலம் சப்ஸ்டேஷனா?”

“ஆமா. சொல்லுங்க.”

“எல்.சி. நம்பர் ஒன்பது திருப்புறேண்ணே. ஆளு அம்புட்டும் எறங்கியாச்சு. எர்த் ராடு எடுத்தாச்சு.”

“தலைய எண்ணுனீங்களா?”

“மூணு தடவ எண்ணியாச்சு.”

“கம்பத்த?”

“ஒன்பது.”

“சரி. விடுங்க.”

சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் வரவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். செல்லம்மா குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. போர் வற்றிப்போயிருக்குமோ என்று பயந்தேன். அந்த மூன்று வருஷத்தில் வற்றியிருந்தால் அது என் பெயரில்தானே? அப்புறம் காதைக் கொடுத்துக் கேட்டேன். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. மூன்று வயரில் இரண்டு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி நிறுத்தி, இரண்டு டெஸ்டரும் வைத்துப் பார்த்து, இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தேன். குழாய் முதலில் இருமியது. செம்மண் கலங்கலாகத் துப்பியது. பிறகு தெளிந்து விழுந்தது.

அண்ணன் வாய்க்காலில் தண்ணீர் போகிற தூரம் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்து, ரிஜிஸ்டரில் ‘திருப்பப்பட்டது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். மூடப்போன என் கையைப் பிடித்தார்.

“இன்னொரு புயல் அடிச்சா மறுபடி கம்பம் கேட்டு வருவீங்கள்ல?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “வரும்படியா இருக்கும்ண்ணே.”

“வாங்க. வரும்போது இந்த நோட்டையும் எடுத்துட்டு வாங்க.”

நடந்தது இதுதான். அம்மா, அந்தச் சப்ஸ்டேஷன் உங்கள் லிஸ்டில் இல்லையென்றால் வரியை அழித்துவிடாதீர்கள், லிஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்.சி. முறைப்படி திரும்பிவிட்டது, கையெழுத்து இருக்கிறது. படித்து முடித்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள். என்ன புரிந்தது என்று ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள். அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.